ஏழரையில் விழுந்த தட்டு

அவளுக்குப் பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயர் ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டில் இருக்கிறது, பள்ளிச் சான்றிதழில் இருக்கிறது, பல் டாக்டரின் சீட்டில் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லித் தெருவில் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். சுவரொட்டியிலும் ரேடியோவிலும் சனங்களின் வாயிலும் அவள் பெயர் ஏழரை.

ஒரு பாட்டுக்காரிக்கு இப்படியும் ஒரு பெயரா என்று கேட்காதவர்கள் இல்லை. ஏழரை என்றாலே வம்பு, வில்லங்கம். அடங்காத குழந்தையைக்கூட "ஏழரையைக் கூட்டாதே" என்றுதான் அதட்டுகிறோம். ஆனால் இந்தப் பெயருக்குப் பின்னால் சுத்தமான ஒரு கணக்கு இருக்கிறது. கேட்டால் நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள்.

அவள் அம்மா லாண்டரி நடத்தினாள். நீளமான ஒற்றை அறை. ஒரு சுவரோரம் வரிசையாக ஏழு வாஷிங் மிஷின்கள், எதிர்ச் சுவரோரம் தகரம் அடித்த நீள மேஜை, நடுவில் ஒருவர் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு வழி. ஏழும் ஓடும்போது அங்கே பேசுவது என்றால் கத்துவதுதான். அம்மா வீட்டிலும் அப்படியே பேசினாள். "சாப்பிட வா" என்பதையே சண்டைக்குக் கூப்பிடுவதுபோலத்தான் சொல்வாள். மகளுக்கும் அதே தொண்டை அமைந்தது.

மூணாம் நம்பர் மிஷினுக்கு ஒரு கால் குட்டை. அட்டையை மடித்து அடியில் முட்டுக் கொடுத்திருந்தார்கள். மற்ற ஆறும் துணி பிழியும்போது சாதுவாக உறுமும். மூணாம் நம்பர் மட்டும் தட்டும். ஏழு தட்டு ஒழுங்காகத் தட்டும், எட்டாவதைப் பொறுக்கமாட்டாமல் ஏழாவதின் முதுகிலேயே ஏற்றிவிடும். டும், டும், டும், டும், டும், டும், டும்-டும். பிறகு ஒரு சின்ன மௌனம். மறுபடி முதலிலிருந்து. ஏன் எட்டாவது மட்டும் அவசரப்படுகிறது என்று மெக்கானிக் தலையைச் சொறிந்ததோடு சரி.

கைக்குழந்தையாக இருந்தபோது அவளைத் துணிக்கூடையில் போட்டு அந்த மிஷினின் மேல்தான் வைத்திருந்தார்கள். அது நின்றால் அழுவாள், ஓடினால் தூங்குவாள். பள்ளிக்கூடம் போகும் வயதில் அதன்மேல் சம்மணம் போட்டு வீட்டுப்பாடம் எழுதினாள். எழுத்து கோணியது. கை மட்டும் மூடியின்மேல் மிஷினோடு சேர்ந்து தட்டிக்கொண்டே இருக்கும். எட்டு என்றால் ஏழுக்குப் பிறகு அரை எண்ணிக்கையிலேயே வந்துவிடும் என்றுதான் அந்தப் பிள்ளை நம்பி வளர்ந்தது.

அப்பா பஸ் டிரைவர். யாரோ ஒரு மகானுபாவன் கையால் தட்டி வாசிக்கிற, இடுப்பளவு உயரமுள்ள இரண்டு காங்கோ டிரம்களைப் பஸ்ஸிலேயே மறந்துவிட்டு இறங்கிப் போனான். குடையை மறக்கலாம், சாப்பாட்டுப் பையை மறக்கலாம், அத்தனை பெரிய இரண்டு டிரம்மை எப்படி மறப்பான் என்று டிப்போவே மாய்ந்து போனது. ஒரு வருஷம் ஆகியும் யாரும் கேட்டு வரவில்லை. டிப்போ மேனேஜர், "உங்க வீட்லதான் ஒண்ணு எல்லாத்தையும் தட்டிக்கிட்டுத் திரியுதாமே, கொண்டு போங்க" என்று சொல்லி அப்பாவின் தலையில் கட்டிவிட்டார். அன்றைக்கு அவளுக்குப் பதினாலு வயது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் மதியம் தூங்கவில்லை.

பத்தொன்பது வயதில் ஒரு இசைக்குழுவில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, டிரம் இரண்டையும் அப்பாவின் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு போனாள். குழுவை நடத்தியவர் கீபோர்டு வாசிப்பவர். எல்லோருக்கும் கீபோர்டு அண்ணன். அவர் வீட்டுக் கார் ஷெட்டில்தான் ஒத்திகை. அதனால் கார் வெயிலில் நின்று பாழாய்ப் போனது. கிடார்காரர் ஒருவர், பிறகு குயில் என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்ட பாட்டுக்காரர் ஒருவர்.

நால்வரும் ஆரம்பித்தார்கள். ஏழு வரைக்கும் நன்றாகத்தான் போனது. எட்டாவது தட்டு அரை எண்ணிக்கை முன்னால் விழுந்ததில், படியில்லாத இடத்தில் கால் வைத்தவர்களைப்போல மூன்று பேரும் தடுமாறினார்கள். குயில் பாதிச் சொல்லை முழுங்கினார்.

"என்னம்மா இது? எட்டுல விழ வேண்டியது ஏழரைல விழுது!" என்றார் கீபோர்டு அண்ணன்.

"வந்ததும் வராததுமா ஏழரையைக் கூட்டிடுச்சு பாருங்க" என்றார் குயில்.

பெயர் வைத்தாகிவிட்டது. அனுப்பிவிடலாம் என்றுதான் அண்ணனும் நினைத்தார். ஆனால் டீ கொண்டு வந்த அவர் மனைவி, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே இடுப்பை ஆட்டிக்கொண்டு நின்றார். இருபது வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர் தன் கணவரின் வாசிப்புக்கு ஒருநாள்கூட ஆடியதில்லை. அண்ணன் அதைப் பார்த்தார். "நாளைக்கு நாலு மணிக்கு வந்துடு" என்றார்.

ஆறு வருஷம் வாசித்தாள். திறப்பு விழாக்கள், பள்ளி ஆண்டு விழாக்கள், கம்பெனி விருந்துகள். ஆறு வருஷமும் அண்ணன் அவளைத் திருத்தப் பார்த்தார். தலைகீழாக நின்றும் முடியவில்லை. கடைசியில் குழுவே அவளுக்கு ஏற்றமாதிரி வளைந்து கொடுத்தது. அவளுக்கு உள்ளூர வெட்கம்தான். மற்றவர்களுக்குச் சரியாக வருவது தனக்கு ஏன் வரவில்லை என்று வீட்டுக் கண்ணாடி முன் நின்று எண்ணிப் பார்ப்பாள். வாய் எட்டு என்று சொல்வதற்குள் கை தொடையில் தட்டி முடித்திருக்கும்.

ஒரு பிஸ்கட் தொழிற்சாலையின் ஆண்டு விழா. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கச்சேரி. மேடைக்குப் பின்னால் தட்டுத் தட்டாக பிஸ்கட் அடுக்கி வைத்திருந்தார்கள். குயிலுக்கு ஓசி என்றால் கண் மண் தெரியாது. மூன்று பாட்டு முடிந்து நாலாவதுக்கு வாயைத் திறந்தார், வறட்டு இருமல் வந்தது. தண்ணீர் குடித்தார், இன்னும் இருமினார். தொண்டையில் தேங்காய் பிஸ்கட் குடியேறிவிட்டது. கண்ணெல்லாம் சிவந்து, கையை ஆட்டிக்கொண்டே இறங்கிப் போய்விட்டார்.

எதிரே நானூறு பேர். முன்வரிசையில் பாக்கிங் பிரிவுப் பெண்கள், வேலை உடுப்போடு. கீபோர்டு அண்ணனுக்குக் கை கால் ஓடவில்லை.

"உனக்கு வரிகள் தெரியும்ல? பாடு!" என்று அவள் பக்கம் சாய்ந்து சொன்னார்.

"நானா? எனக்குப் பாட வராதுண்ணா."

"கத்த வரும்ல? கத்து!"

கத்தினாள். ஏழு மிஷினுக்கு மேல் கேட்டுப் பழகிய குரல் அது. மைக்கே வேண்டியிருக்கவில்லை. வழவழப்போ குழைவோ இல்லை, ஆனால் கடைசி நாற்காலியில் அரைத்தூக்கத்தில் இருந்த கணக்குப்பிள்ளையும் எழுந்து உட்கார்ந்தார். தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்து போனதும், லாண்டரியில் வேலை நேரத்தில் தானே கட்டிப் பாடிக்கொண்டிருந்த ஒன்றை எடுத்துவிட்டாள். கடையில் ரொம்ப நாளாய் யாரும் கேட்டு வராமல் ஒரு நீலச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பாட்டு அதைப் பற்றித்தான்.

"நீலச் சட்டை யாருது?
நேத்து மாட்டி வச்சது!
காலர் நின்னு கேக்குது
கழுத்து எங்கே போச்சுது?"

ஒவ்வொரு வரியும் ஏழரையில் குதித்தது. முதல் தடவை கைதட்டியவர்கள் எட்டில் தட்டி ஏமாந்தார்கள். ஏமாந்து சிரித்தார்கள். இரண்டாம் தடவை உஷாரானார்கள். மூன்றாம் தடவை நானூறு பேரும் ஏழரையில் ஒன்றாகத் தட்டினார்கள், தகரக் கூரை அதிர்ந்தது. காங்கோவின் தோல்மேல் கை பரபரக்க, வாய் பாட்டுக்குப் பாட, அவளுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பதே மறந்து போனது. இத்தனை நாள் கை மட்டும்தான் பேசியது, இன்றைக்கு வாயும் சேர்ந்துகொண்டது என்று இருந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. முடிந்ததும் பாக்கிங் பெண்கள், "மறுபடி, மறுபடி" என்று விடவில்லை. நாலு தடவை பாட வைத்தார்கள்.

யாரோ அதைப் போனில் பிடித்துப் போட்டுவிட்டார்கள். ஒரே வாரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பெஞ்சில் தட்டிப் பாட ஆரம்பித்தார்கள். லாண்டரிக்குப் பதினோரு பேர் வந்து அந்த நீலச் சட்டை தன்னுடையதுதான் என்று சத்தியம் செய்தார்கள். அம்மா லேசுப்பட்டவளா? "கையை நுழைச்சுக் காட்டு" என்றாள். பதினோரு பேருக்கும் ஒன்று தோள் இடித்தது, இல்லை பட்டன் சேரவில்லை. சட்டை பழையபடி கொக்கிக்கே போனது.

அதன் பிறகுதான் பாட்டுக் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது.

கம்பெனியில் பாட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் பெண்மணியின் அறை ஐஸ் பெட்டி மாதிரி இருக்கும். அவரே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். ஏசி மேடம் என்பது எல்லோரும் அவருக்கு வைத்திருந்த பெயர். கெட்டவர் இல்லை. பாட்டு என்றால் உயிர். ஆனால் எதுவும் கோணலாக இருந்தால் அவருக்குப் பொறுக்காது, மேஜைமேல் பேனாவைக்கூட நேராகத்தான் வைப்பார்.

"உங்க குரல் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. பாட்டும் பிடிச்சிருக்கு. மூணே மூணு விஷயம் மாத்திக்கலாம்" என்றார். "பேரு ஒண்ணு. ஏழரைன்னு போஸ்டர் அடிச்சா கடைக்காரன்கூட ஒட்ட விடமாட்டான். ரெண்டாவது, டிரம்மை வேற ஆள் வாசிக்கட்டும், நீங்க முன்னாடி நின்னு அழகாப் பாடுங்க. மூணாவது, அந்த எட்டாவது தட்டு. அது தப்பு இல்லையா?"

"தப்புதான் மேடம்" என்றாள் அவள். குரல் உள்ளே போய்விட்டது. "சின்ன வயசுல இருந்தே இருக்கு."

"கார்ல போறவன் ரேடியோ கேட்டுட்டே ஓட்டுவான். திடீர்னு முன்னாடி ஒரு தட்டு விழுந்தா பிரேக்கைப் போட்டுடுவான். சரி பண்ணிடலாம், கவலைப்படாதீங்க."

கவலையா? அவளுக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. பெரிய கம்பெனி, பெரிய பாட்டு, அதோடு இத்தனை வருஷமாக உறுத்திய குறையும் தீரப்போகிறது. மூன்று வாரம் தினமும் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டார்கள். அதற்குள்ளே ஒரு "டிக், டிக்" ஓடிக்கொண்டே இருக்கும், அதோடு ஒட்டிப் பாட வேண்டும். கையைச் சும்மா வைத்துக்கொள்ளத் தெரியாமல் பேண்ட் பைக்குள் திணித்துக்கொண்டு பாடினாள். மிச்சம் இருந்ததையும் ஸ்டூடியோவின் சவுண்ட் இன்ஜினீயர் கம்ப்யூட்டர் திரையில் பிடித்து இழுத்துக் கோட்டில் நிறுத்தினார். அதிகம் பேசாத மனிதர். ஒரு தடவை மட்டும், "பழைய வீடியோவை நான் தினம் காலைல பல் தேய்க்கும்போது கேட்பேன்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

பாட்டு தயாரானது. வெள்ளிக்கிழமை வெளியீடு என்று நாள் குறித்தார்கள். அதற்கு ஆறு நாள் முன்பு, சனிக்கிழமை காலை, அவள் போனை எடுத்துக்கொண்டு லாண்டரிக்கு ஓடினாள். முதலில் அம்மாதான் கேட்க வேண்டும். கேட்கட்டும் என்று அம்மா ஏழு மிஷினையும் நிறுத்தினாள். அது சாமானியப்பட்ட மரியாதை இல்லை.

அம்மா முழுசாகக் கேட்டாள். தலையை ஆட்டினாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "யாரு பாடுனது?"

"அம்மா! நான்தாம்மா!"

"நீயா?" அம்மா போனை வாங்கி, ஏதோ அதற்குள் மகள் ஒளிந்திருப்பதுபோல உற்றுப் பார்த்தாள். "குரல் உன்னுது மாதிரிதான் இருக்கு. ஆனா நீ இல்லையே!"

அதற்குமேல் அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை, மிஷின்களை ஓட்டப் போய்விட்டாள். மகள் விடவில்லை. மறுபடி போட்டுக் கேட்டாள். சரியாக இருந்தது. ஒரு குறை சொல்ல முடியாது. பிஸ்கட் தொழிற்சாலையில் குதித்தவள் மட்டும் அதில் இல்லை. இத்தனை காலம் தன் குறை என்று நினைத்துக் கூசியதுதான் தன் முகம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. முகத்தையே துடைத்து எடுத்துவிட்டுப் பாட்டை மட்டும் வெளியே அனுப்புகிறார்கள். பெற்றவளுக்கே அடையாளம் தெரியவில்லை!

அங்கிருந்தே ஏசி மேடத்துக்குப் போன் போட்டாள். பயந்துகொண்டேதான் பேசினாள், ஆனால் பேசிவிட்டாள். பழையபடி, தானே வாசித்துத் தானே பாட வேண்டும்.

"செவ்வாய்க்கிழமை காலைல பத்து மணிக்கு ஸ்டூடியோ ஒரு மணி நேரம் காலியா இருக்கு" என்றார் மேடம். "வந்து வாசிங்க. அது நல்லா இருந்தா அதைப் போடறேன். இல்லைன்னா இப்ப இருக்கறதுதான் போகும், புதுப் பேரும்தான். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

துள்ளிக்கொண்டு கீபோர்டு அண்ணன் ஷெட்டுக்குப் போனாள். காங்கோவை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று... ஏழு, எட்டு.

எட்டில் விழுந்தது.

அண்ணன் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். கிடார்காரர் வாயைப் பிளந்தார். மறுபடி வாசித்தாள், மறுபடி எட்டு. அச்சு அசலாக, ஆணி அடித்ததுபோல எட்டு. வேண்டுமென்றே முன்னால் தட்டப் பார்த்தாள். அவசரத்தில் ஏழேகாலில் விழுந்தது. கொஞ்சம் பொறுத்தால் ஏழேமுக்கால். ஏழரை மட்டும் எங்கேயோ கழன்று விழுந்திருந்தது. காதுக்குள் அந்த டிக் டிக் நிற்கவே இல்லை.

"ஆறு வருஷம் நான் தொண்டை கிழியக் கத்தியும் திருந்தாதவளை ஒரு கம்ப்யூட்டர் மூணே வாரத்துல திருத்திடுச்சே" என்றார் அண்ணன். சிரிப்பதற்காகச் சொன்னது, அவருக்கே சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தட்டினாள். உள்ளங்கை கன்றிப் போனதுதான் மிச்சம். இராத்திரி படுக்கும்போதுதான் சட்டென்று பொறி தட்டியது. மூணாம் நம்பர்! எங்கே கற்றோமோ அங்கேயே போய்க் கேட்டுக்கொண்டால் போயிற்று. இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று தலையில் தட்டிக்கொண்டாள்.

திங்கள் காலை கடை திறக்கும்போதே போய் நின்றாள். மூணாம் நம்பரில் துணியைப் போட்டு, நேராகப் பிழிகிற சுற்றுக்குத் திருப்பி, மேலே ஏறி உட்கார்ந்து கண்ணை மூடினாள்.

மிஷின் சாதுவாக உறுமியது. தட்டவே இல்லை.

குதித்து இறங்கிக் கீழே குனிந்து பார்த்தாள். அட்டையைக் காணோம். குட்டைக் காலுக்குப் பதிலாகப் பளபளவென்று புதுக் கால்.

"எப்படி?" என்றாள் அம்மா, பெருமை பொங்க. "நேத்து மெக்கானிக்கை வரச் சொல்லிச் சரி பண்ணிட்டேன். உள்ளேயும் என்னமோ தேஞ்சிருந்துச்சாம், அதையும் மாத்திட்டான். இனிமே உன் பாட்டு வெளிவந்தா பத்திரிகைக்காரங்க, பெரிய மனுஷங்க எல்லாம் வருவாங்க. கடைல ஒண்ணு நொண்டிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?"

அவள் இரண்டு மிஷின்களுக்கு நடுவில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இருபத்தைந்து வயதுப் பெண், முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி விசும்பினாள்.

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "மிஷின் சரியானதுக்கு யாராச்சும் அழுவாங்களாடி? உடைஞ்சாத்தானே அழுவாங்க?" என்றாள். கொஞ்ச நேரம் தலையைத் தடவிக் கொடுத்தாள். பிறகு, "ஓட்டல்காரங்க சட்டை அறுபது கிடக்கு, பத்தரைக்குக் குடுக்கணும். அழுறதா இருந்தா மடிச்சுக்கிட்டே அழு" என்று மேஜைக்குப் போய்விட்டாள்.

அவளும் எழுந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேஜையின் மறுமுனையில் நின்றாள். சட்டை மடிப்பது எட்டு வேலை. விரி, பட்டன் போடு, இடது கையை மடி, வலது கையை மடி, இடது பக்கம், வலது பக்கம், பாதியாய் மடக்கு, ஒரு தட்டு தட்டி அடுக்கில் வை. எட்டாவதுதான் அந்தத் தட்டு. அம்மாவின் கை பாட்டுக்கு ஓடியது, தகரத்தின்மேல் துணி சரசரத்தது. விரி, பட்டன், கை, கை, பக்கம், பக்கம், மடக்கு-தட்டு.

அவள் கை அப்படியே நின்றது.

அம்மா அடுத்த சட்டையை எடுத்தாள். விரி, பட்டன், கை, கை, பக்கம், பக்கம், மடக்கு-தட்டு. பிறகு ஒரு சின்ன மௌனம்.

மெக்கானிக் மிஷினைத்தான் சரி செய்திருந்தான். இருபத்தைந்து வருஷம் அந்த மிஷினுக்கு எதிரே நின்று மடித்த கையை யாரும் சரி செய்யவில்லை.

"அம்மா, இன்னொண்ணு மடி."

"அதைத்தானே மடிச்சுக்கிட்டிருக்கேன்?"

"அந்தக் கடைசித் தட்டை ஏம்மா முன்னாடியே தட்டுறே?"

"முன்னாடியா?" அம்மா சட்டையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "எங்கடி முன்னாடி வருது? வர்ற நேரத்துக்குத்தான் வருது."

மகள் சிரித்தாள். கண்ணில் நீர் காயாமலே சிரித்தாள். அன்றைக்கு ஓட்டல்காரர்களின் அறுபதையும் மடித்தார்கள், பிறகு பள்ளிச் சீருடைகளை மடித்தார்கள், மடிக்கச் சட்டை தீர்ந்ததும் மடித்ததை உதறி மறுபடி மடித்தார்கள். அம்மா திட்டிக்கொண்டேதான் மடித்தாள். பதினெட்டாவது சட்டையில் மகளுக்கு ஏழேமுக்கால் வந்தது. நாற்பதாவதில் ஒரு தடவை ஏழரை வந்து, உடனே காணாமல் போனது. சாயங்காலம் இரண்டு பேர் கையும் தகரத்தின்மேல் ஒரே தட்டாக விழுந்துகொண்டிருந்தது. காதுக்குள் டிக் டிக் எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை அம்மாவையும் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போனாள். வழியில் எங்கேயாவது அது மறுபடி கழன்றுகொண்டால்? அம்மா சும்மா வருகிற ஆளில்லை. மதியத்துக்குள் கொடுக்க வேண்டிய சட்டைகளை ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து, ஸ்டூடியோவின் மூலையில் இருந்த மேஜையை முந்தானையால் துடைத்துவிட்டு வேலையை ஆரம்பித்துவிட்டாள்.

"அந்தம்மா அங்க என்ன பண்றாங்க?" என்றார் ஏசி மேடம், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"மடிக்கறாங்க மேடம்" என்றார் சவுண்ட் இன்ஜினீயர். சத்தம் போடாமல் எழுந்து வந்து ஒரு மைக்கை எடுத்து மூட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

ஹெட்போனை நீட்டினார்கள். அவள் வாங்கவில்லை. காங்கோ இரண்டையும் கால்களுக்கு இடையே இழுத்துக்கொண்டாள். அம்மாவின் கையைப் பார்த்தாள். மடக்கு-தட்டு. அதோடு சேர்ந்து இறங்கினாள்.

ஏழரை வந்தது. கூப்பிடாமலே வந்தது. கை குதித்த இடத்தில் குரலும் குதித்தது. "நீலச் சட்டை யாருது?" என்று அவள் எடுத்ததும், மூலையிலிருந்து அம்மா, கடை நினைப்பில், "பதினோரு பேர் வந்து பாத்தாச்சு, யாருதும் இல்லை!" என்று உரக்கச் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதுவும் ஏழரையில்தான் வந்து விழுந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏசி மேடம் சிரித்துக்கொண்டிருந்தார். ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டிருந்தார். மேஜைமேல் பேனா கோணலாகக் கிடந்தது. இத்தனை நேரம் அதை வைத்துத்தான் தட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா பேசினதை எடுத்துடவா மேடம்?" என்றார் இன்ஜினீயர்.

"எடுத்துப் பாருங்க, உங்களை என்ன பண்றேன்னு" என்றார் மேடம்.

வெள்ளிக்கிழமை பாட்டு வெளியானது, அம்மாவின் பதினோரு பேரோடு. அதற்கு முன்பே, பெயர் விஷயத்தில் இரண்டு நாள் முரண்டு பிடித்துவிட்டு மேடம் விட்டுக்கொடுத்திருந்தார். ஏழரை என்று கொட்டை எழுத்தில் போஸ்டர் அடித்தார்கள். கடைக்காரர்கள் ஒட்ட விட்டதோடு, ஒட்டியதைக் கிழித்து வீட்டுக்கும் எடுத்துப் போனார்கள். ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தால் பிரேக்கைப் போடுகிற ஒரே ஆள் அவள் அப்பாதான். ஸ்டாப்பே இல்லாத இடத்தில் பஸ்ஸை நிறுத்தி, "என் பொண்ணு" என்று ஐம்பது பயணிகளுக்கும் சொல்லிவிட்டுத்தான் எடுப்பார்.

அடுத்த வருஷம் விளையாட்டு மைதானம் ஒன்றில் அவளுடைய முதல் தனிக் கச்சேரி. மாலை வெயில் சாய்ந்திருந்தது. மேடையின் நடுவில், முன்னால், இரண்டு காங்கோ. பஸ்ஸில் வந்த அதே இரண்டு. அவற்றுக்குப் பின்னால் அவள், வாய்க்கு நேராக மைக். கீபோர்டு அண்ணன் ஒரு பக்கம், கிடார்காரர் மறுபக்கம். குயிலும் கோரஸ் பாட வந்திருந்தார். மேடைக்குப் பின்னால் பிஸ்கட் வைக்கக்கூடாது என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவள் மேடையில் ஏறியபோது போட்டிருந்தது அந்த நீலச் சட்டை. அளவு எடுத்துத் தைத்ததுபோல அவளுக்கு அப்படியே பொருந்தியது. இத்தனை வருஷம் கொக்கியில் தொங்கியும் வீட்டில் யாருக்கும் அதைப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

எட்டாயிரம் பேர் தட்டினார்கள். மைதானமே ஏழரையில் குதித்தது. காங்கோவுக்கு மேலாக அவள் முன்வரிசையில் அம்மாவைத் தேடினாள். அம்மா தட்டிக்கொண்டிருந்தாள். சட்டை இல்லாமல் அந்தக் கை வேலை செய்து அவள் பார்த்ததே இல்லை.

அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் புதிதாக வந்த ஒருவர். பாவம், ஒவ்வொரு தடவையும் எட்டில் தட்டித் தட்டி அசடு வழிந்துகொண்டிருந்தார். கடைசியில் பொறுக்கமாட்டாமல் அம்மா பக்கம் குனிந்தார்.

"ஏங்க, அந்தப் பொண்ணு ஏன் எல்லாத் தடவையும் முன்னாடியே தட்டுது?"

அம்மா கையை நிறுத்தாமலே, ஏழு மிஷினுக்கு மேல் கேட்கிற குரலில், மேடை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அவ எங்கங்க முன்னாடி தட்டுறா? வர்ற நேரத்துக்குத்தான் வருது. நீங்கதான் லேட்டு!"